நாத்தனார் தந்த கடற்பாசிச் சொட்டு

1

அருப்புக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவள். "உனக்கும் தைராய்டாம்ல? எனக்குந்தான். அங்கிட்டு உனக்கு என்ன மாத்திரை குடுக்காங்க? பேரை அனுப்பு, நானும் அதையே வாங்கிக்கிறேன்." கூடவே கும்பிடும் கைகளும் ஒரு ரோஜாப்பூவும்.

நான் மலாக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் இந்த மாதம்தான் வருகிறது. அதை விசாரிக்கத்தான் எழுதியிருக்கிறாள் என்று ஆசையோடு திறந்தேன். அவளுக்கு வேண்டியது மாத்திரையின் பெயர். சரி, பெயரைச் சொல்கிறேன். ஆனால் அந்த மாத்திரைக்கு நான் வந்து சேர்ந்த வழியையும் சேர்த்துத்தான் சொல்வேன். படித்துவிட்டு அவளுடைய டாக்டரிடமே போகட்டும்.

2

இந்த நாட்டில் யாருக்கும் முழுச் சொல் பேச நேரம் கிடையாது. வந்த புதிதில் என் வீட்டுக்காரர் மணியம் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சொல்வார்: "இன்னிக்கு ஓ.டி. இருந்துச்சு, நாளைக்கு எம்.சி. எடுத்துட்டு உன் பி.ஆர். வேலையா போவணும், ஐ.சி. ஜெராக்ஸ் எடுத்து வை." எனக்கு அதில் 'நாளைக்கு' மட்டும்தான் விளங்கியது. மிகைநேர வேலை, மருத்துவ விடுப்பு, நிரந்தர வசிப்புரிமை, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழகுவதற்குள் எனக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. பிறந்த பிள்ளை வளர்ந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனது, கல்யாணமும் ஆனது. சாப்பிட்டாயாம்மா, உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் பத்தி பத்தியாக எழுதினால், மகள் தர்ஷினி ஒற்றை எழுத்தில் பதில் போடுவாள். 'கே'. ஓகே என்பதில் பாதிக்கு மேல் அம்மாவுக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை.

இதெல்லாம் சும்மா எரிச்சல். எழுத்துகள் என் உடம்புக்குள் வந்தபோதுதான் விஷயம் வினையானது.

முதலில் மெலிந்தேன். மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டு மெலிந்தேன். கை நடுங்கியது, மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு இடித்தது. இதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய சொந்தபந்தம் என்ன செய்தது தெரியுமா? தெங்கேராவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் கூடி என் இடுப்பைத் தடவிப் பார்த்து, என்ன குடிக்கிறாய் என்று கேட்டார்கள். என் நாத்தனார் சரோஜா அக்கா முந்திக்கொண்டார். தான் விற்கும் மெலியும் காப்பியைத்தான் நான் குடிக்கிறேன் என்று எனக்கும் சேர்த்து அவரே பதில் சொன்னார். அந்தக் காப்பி என் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. அன்றைக்கு அவருக்கு நல்ல வியாபாரம்.

சரோஜா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அக்காவும் மணியமும். அம்மா சீக்கிரம் போய்ச் சேர, அக்காதான் பால்மரம் வெட்டித் தம்பியைப் படிக்க வைத்தார். அந்தத் தோட்டம் இப்போது வீட்டுமனை. அக்காவும் இப்போது பால்மரம் வெட்டுவதில்லை. பொருள் விற்கிறார். டைரக்ட் சேல். சத்துமாவு, சோப்பு, முட்டி வலிக்குத் தைலம், கண்ணுக்குச் சொட்டு. இங்கே பாதி வீடுகளில் இந்த வியாபாரம் உண்டு. உன் பொருளை நான் வாங்க வேண்டும், என் பொருளை நீ வாங்க வேண்டும். ஊரில் மொய் எழுதுவது போலத்தான். வாங்க மறுத்தால் பொருளை மறுத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உறவை மறுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக் குளியலறையில் இன்னும் ஆறு மனிதர்கள் குளிப்பதற்கான சோப்பு இருக்கிறது.

மணியம் நல்லவர். அக்காவின் முன்னால் மட்டும் அவருக்கு வாய் வராது.

3

அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். சின்னப் பெண் டாக்டர். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடக் கணினியைப் பார்த்துப் பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மலாயில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் வளர்த்து, எழுத்துகளில் முடித்தாள். "ஆன்ட்டி, டி.எஸ்.எச். லோ, எஃப்.டி.ஃபோர் ஹை. கார்பிமாசோல் சாப்பிடுங்க. ஆர்.ஏ.ஐ. கே.ஐ.வி. ஓகே ஆ?" நான் ஓகே என்றேன். இந்த நாட்டில் அதற்கு வேறு பதில் கிடையாது.

அட்டையில் டி.சி.ஏ. 3/12 என்று கிறுக்கியிருந்தது. மணியம் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, டிசம்பர் மூன்றாம் தேதி வரச் சொல்கிறார்கள், இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது என்றார். டி.சி.ஏ. என்றால் மறுபடி வா என்று பொருளாம். மூன்றின் கீழ் பன்னிரண்டு என்றால் மூன்று மாதம் கழித்தாம். இதை எங்களுக்குச் சொன்னது மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்ற ஒரு சீனக் கிழவர். அவரும் முதல் தடவை தேதியைத் தவறவிட்டுத்தான் கற்றுக்கொண்டாராம். நோயாளி வர வேண்டிய நாளை நோயாளிக்குப் புரியாதபடி எழுதிக் கொடுப்பதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு வெள்ளைக் கோட்டு.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்காதீர்கள். அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு கம்பவுண்டர் எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் அளந்து ஊற்றுவார். ஆனால் அவர் ஊற்றும்போது, "உடம்பு சூடு, ரெண்டு நாள் புளி சேர்க்காதே" என்றாவது தமிழில் சொல்வார். தப்பாகச் சொன்னாலும் விளங்கும்படி தப்பாகச் சொன்னார்.

இரத்தப் பரிசோதனைத் தாளை மணியம் அக்காவிடம் காட்டினார். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் 'லோ' என்ற சொல் யாருக்குத்தான் தெரியாது? "தைராய்டு கொறஞ்சிருக்கு, வேறென்ன? ஏத்தணும்லா" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். பச்சை எழுத்து, அலை போட்ட படம். கடற்பாசிச் சொட்டு. அயோடின் நிறைந்தது. அக்காவின் அப்லைன், அதாவது அக்காவை இந்த வியாபாரத்தில் சேர்த்துவிட்ட அம்மாள், இதைக் குடித்துத்தான் கழுத்து வீக்கம் குறைந்தாராம்.

நான் ஏன் குடித்தேன் என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, அப்போதுதான் தர்ஷினி முழுகாமல் இருக்கும் செய்தி வந்திருந்தது. வளைகாப்பில் முதல் வளையல் போட வேண்டியவர் அத்தைதான். அந்த நேரத்தில் ஒரு போத்தலுக்காகச் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். இன்னொன்று, எங்கள் அறிவியல் பாடம். முத்து, உனக்கும் ஞாபகம் இருக்கும். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும், ஆகவே அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே. அந்தப் பாடம் எனக்கு மலாக்காவில் இப்படி உதவியது.

4

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டி.எஸ்.எச். என்பது தைராய்டு அல்ல. மூளைக்கு அடியிலிருந்து தைராய்டுக்குப் போகிற உத்தரவு. அடுப்பில் சோறு பொங்கி வழியும்போது, இன்னும் அரிசி போடு என்று யாராவது கத்துவார்களா? கத்த மாட்டார்கள், வாயை மூடிக்கொள்வார்கள். அந்தக் கத்தல் குறைந்திருக்கிறது என்றால் உள்ளே சோறு வழிகிறது என்று பொருள். என் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. நான் அதில் தினமும் சொட்டுச் சொட்டாக அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த நான்கு வரியை அந்தப் பெண் டாக்டர் என்னிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் கே.ஐ.வி., அதாவது பிறகு பார்க்கலாம், என்று எழுதிய நேரம்தான்.

குருபோங்கில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வாரம் ஒருநாள் பசார் மாலம் என்ற இரவுச் சந்தை வரும். சாயங்காலம் கடை போடுவார்கள். அங்கே கங்கோங் கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். நெஞ்சுக்குள் ஒரு கோழியைப் பிடித்துப் போட்டு மூடியதுபோல் படபடவென்று அடித்தது. அடியில் ஒழுங்கு இல்லை. பிறகு தார்ச்சாலை என் கன்னத்தில் சூடாக இருந்தது நினைவிருக்கிறது.

அவசரப் பிரிவில் இன்னும் இரண்டு எழுத்து கிடைத்தது. ஏ.எஃப். இதயத் துடிப்பு தாளம் தப்பிப் போவது. ஒரு பெரிய டாக்டர் வந்தார். மருந்து தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார், கடைசியில் தாதியை விட்டுத் தமிழிலும் கேட்கச் சொன்னார். மூன்று மொழிக்கும் மணியம், "இல்லை" என்றே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கடையில் வாங்கினால்தானே மருந்து? அக்கா கொடுத்தது எப்படி மருந்தாகும்? ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து நான்தான் சொன்னேன், கடற்பாசிச் சொட்டு என்று.

அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த முதல் டாக்டர். எழுத்து எதையும் சொல்லாமல் சொன்னார். என் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. கதிர்வீச்சு உள்ள அயோடினை ஒரு முறை விழுங்கக் கொடுத்து அதைச் சுட்டு அடக்குவதுதான் எனக்கு வைத்தியம். ஆர்.ஏ.ஐ. என்றால் அதுதான். ஆனால் நான் கடலையே குடித்து வைத்திருப்பதால் சுரப்பி அயோடினால் நிரம்பிக் கிடக்கிறது. இப்போது கொடுத்தால் அது இழுத்துக்கொள்ளாது. சில மாதம் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் கொடுத்தால், கொடுத்த பிறகு கொஞ்ச நாள் கர்ப்பிணிப் பெண்களின் பக்கமும் குழந்தைகளின் பக்கமும் நான் போகக் கூடாது.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னதற்கு அவர் கலங்கவே இல்லை. "உள்ள இருக்குற கெட்டதெல்லாம் வெளிய வருது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீ பாதியில நிறுத்திட்ட" என்றார். தம்பி தலையாட்டினார்.

5

ஜொகூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியில் நாள் கொடுத்தார்கள். வளைகாப்புக்குச் சில நாள் முன்னால் விழுந்தது. விட்டுவிட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரசவத்தோடு வந்து மோதலாம். நான் கணக்குப் போட்டேன். இப்போது விழுங்கினால் வளைகாப்பு போய்விடும், ஆனால் பேரப்பிள்ளை பிறக்கும்போது தூக்கலாம். தள்ளிப் போட்டால் வளையல் போடலாம், ஆனால் பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டி வரலாம். அதற்குள் இதயம் இன்னொரு தடவை தாளம் தப்பினால் எதுவுமே வேண்டியதில்லை.

விழுங்குகிறேன் என்றேன். சொந்தத்தில் அத்தனை பேரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பெற்ற அம்மா இல்லாமல் வளைகாப்பா? அக்கா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "தீட்டு மாதிரிதானே இது. தலைக்கு ஊத்திக்கிட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்து ஓரமா நில்லு. ஒன்னும் ஆவாது." அணுவையே மஞ்சள் தண்ணீரில் கழுவிவிடலாம் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மணியமும் ஒரு நிமிடம் யோசித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

ஈயப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினார்கள். ஒரு சாதாரணக் குளிகை. இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. திரும்பும்போது காடியில் பின் இருக்கையில், வண்டி ஓட்டிய மணியத்துக்குக் குறுக்கு மூலையில் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் பின்னறை எனக்கு. தனித் தட்டு, தனித் தம்ளர், தனிக் கழிவறை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் கேட்டில் கஞ்சிப் பாத்திரத்தை மாட்டிவிட்டு, தள்ளி நின்று கையசைத்துப் போவாள். எங்களவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் எங்கள் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வகையினர் ஆரஞ்சுப் பையோடு நேரே என் கட்டிலில் வந்து உட்காரப் பார்த்தார்கள்.

நான் பெற்ற பெண்ணுக்கு என் வீட்டில் நடக்க வேண்டிய வளைகாப்பு ஜாசினில் அக்கா வீட்டில் நடந்தது. மணியம் கைபேசியில் காணொளி அழைப்பைப் போட்டுச் சீர்த்தட்டுகளின் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தர்ஷினி கத்தரிப்பூ நிறப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் சந்தனம். நான் கட்டிலில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பழத்தட்டுக்கும் வளையல் தட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு. அதில் சிவப்பு ரிப்பன் கட்டி அந்தப் பச்சை எழுத்துப் போத்தல்கள். அக்கா ஒன்றைத் திறந்து, பிள்ளைத்தாச்சிக்கு நல்லது, பிள்ளைக்கு மூளை வளரும் என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே தம்ளர் பாலில் சொட்டை விட்டார். சுற்றி நின்ற பெண்கள் விலை கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

நான் கத்தினேன். குடிக்காதே, அதுதான் என்னை விழத்தட்டியது என்று பின்னறைச் சுவர் அதிரக் கத்தினேன். கைபேசி வழியாக என் குரல் அந்தக் கூடத்தில் கேட்டிருக்க வேண்டும், எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். "தைராய்டு. அதான் இந்தக் கோவம். பாவம், விடுங்க."

மணியத்தின் கட்டைவிரல் திரையை நோக்கி வந்தது. என் குரலை அடைத்துவிட்டார். என் புருஷன், என் மகள் வளைகாப்பில், என் வாயை ஒரு விரலால் மூடினார். நான் கத்துவது எனக்கு மட்டும் கேட்டது. எழுந்து ஓடலாம், ஜாசின் ஒன்றும் தூரமில்லை. ஆனால் என் உடம்பே என் மகளுக்கு ஆகாது. வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

தர்ஷினி தம்ளரைக் கையில் வாங்கியிருந்தாள். குடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் நடுவே எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கினாள். திரை முழுக்க அவள் முகம்.

"அம்மா மியூட்ல இருக்காங்க" என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "அம்மா என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கணும்."

ஒற்றை எழுத்தில் பதில் போடுகிற பெண். அவளே ஒலியைத் திறந்துவிட்டாள். நான் சொன்னேன், இந்த முறை மெதுவாக: "டாக்டரைக் கேக்காம எதையும் குடிக்காதம்மா."

'கே' என்றாள். தம்ளரை அத்தையின் தட்டிலேயே வைத்தாள்.

6

முத்து, மாத்திரையின் பெயருக்கு வருகிறேன். சுட்ட சுரப்பி சுட்டதுதான், இப்போது அது வேலையே செய்வதில்லை. என் டி.எஸ்.எச். ஏறிவிட்டது, அதாவது தைராய்டு குறைந்துவிட்டது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், சரியா? அதற்குத் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின், அதில் அளவு சரியாகிவிட்டது. உன்னுடையது குறைவு வகை என்றால் நீ விழுங்குவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆயுளுக்கும் நாம் இருவரும் ஒரே மாத்திரை. ஆனால் போன வருஷம் நீ என் மாத்திரையை, சுரப்பை அடக்குகிற அந்தக் கார்பிமாசோலை, வாங்கி விழுங்கியிருந்தால் உனக்கு இருக்கிற கொஞ்சச் சுரப்பும் போயிருக்கும். உன்னுடையதை நான் விழுங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இரண்டுக்கும் ஊர் வைத்திருப்பது ஒரே பெயர். அடுத்த தடவை யாராவது எனக்கும் தைராய்டு என்றால், எந்தப் பக்கத்துத் தைராய்டு என்று கேட்டுவிட்டுப் பேசு.

வளைகாப்பு அன்று மணியம் வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீர் போட்டுத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் அன்று அதைக் குடிக்கவில்லை.

பேரன் பிறந்தான். பிரசவ அறையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். கை நடுங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சரோஜா அக்கா பிள்ளை பார்க்க வந்தார். தங்கக் காப்பு போட்டார், நல்ல கனம், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு கைப்பை திறந்தது. பிள்ளைக்கு ஊற்றும் எண்ணெயாம், டி.எச்.ஏ. என்று ஏதோ இருக்கிறதாம், புதுசாக வந்ததாம். மேசை மேல் வைத்தார். பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். வேண்டாம் அக்கா, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அக்கா என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "இன்னும் தைராய்டு சரியாவல போல."

"அது சரியாயிருச்சுக்கா" என்றேன். "ரத்தத்துல எல்லாம் நார்மல். இப்பப் பேசுறது நான்தான்."

பிறகு மணியம் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த போத்தலை எடுத்து அக்காவின் கைப்பைக்குள் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினார். "வாங்கக்கா, காடி வரைக்கும் வர்றேன்" என்றார்.